வெள்ளோட்டம்

திருக்கோயிலுக்குப் புதிய தேர் ஒன்று செய்யப்படுமாயின், அதனை விழா நாளன்றே முதன்முதலாக வீதியில் விடுதல் வழக்கமன்று. அதற்கு முன்னர் ஒருநாள் வடம் பிடித்து ஓட்டிப் பார்ப்பர். சக்கரம் செம்மையாக உருள்கின்றதா, அச்சு பாரத்தைத் தாங்குகின்றதா, வீதியின் திருப்பங்களில் தேர் தடையின்றித் திரும்புகின்றதா என்பனவற்றைத் தச்சரும் ஊராரும் கூடி நின்று நோக்குவர். குறை காணப்படின் திருத்துவர். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். கடலில் விடப்படும் கப்பலுக்கும் வெள்ளோட்டம் உண்டு. கண்ணுக்குப் புலப்படும் தேருக்கும் கப்பலுக்குமேயன்றிக் கணிப்பொறியை இயக்கும் நிரல்களுக்கும் வெள்ளோட்டம் உண்டு. 1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் நிகழ்ந்த அத்தகைய வெள்ளோட்டம் ஒன்று உலக வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது.

கணிப்பொறி தானாக எதனையும் அறியாது. கணக்கிடும் உறுப்பு, நினைவகம், செய்திகளைச் சேமிக்கும் வன்தட்டு, விசைப்பலகை, திரை ஆகியவை அதன் உறுப்புகள். ஒருவர் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டுகின்றார். எந்த விசை தட்டப்பட்டது என்று அறிந்து, அதற்குரிய எழுத்தைத் திரையில் காட்டி, தக்க இடத்தில் சேமித்து வைக்க யாரேனும் வேண்டுமல்லவா? ஒரே நேரத்தில் பல வேலைகள் நடைபெறும்போது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவிடம் என்று பங்கிட்டு அளிக்கவும் ஒருவர் வேண்டும். இப்பணிகளையெல்லாம் செய்யும் நிரல் தொகுதியே இயங்குதளம் எனப்படும். அதன் நடுவண் நின்று உறுப்புகளை நேரே ஆளும் பகுதியைக் கரு என்பர். கரு இன்றேல் கணிப்பொறி உயிரற்ற கூடே ஆகும்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் அறிஞர்கள் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தோற்றுவித்தனர். பல்கலைக்கழகங்களில் அது பெரிதும் போற்றப்பட்டது. எனினும் அதனைத் தம் இல்லத்தில் வைத்துப் பழகுதல் மாணவர்க்கு எளிதாயில்லை. அதன் விலையும் அதற்குரிய கட்டுப்பாடுகளும் தடையாய் நின்றன. ஆம்ஸ்டர்டாம் நகரில் பேராசிரியராய் விளங்கிய ஆண்ட்ரூ டானன்பாம் இக்குறையை உணர்ந்தார். யூனிக்ஸைப் போன்று இயங்கும் மினிக்ஸ் என்னும் சிறிய இயங்குதளத்தை எழுதி, 1987-ஆம் ஆண்டில் அதனை விளக்கும் பாடநூலையும் வெளியிட்டார். மாணவர் படித்து உணர்தற்கேற்பச் சிறியதாகவே அஃது இருத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆதலின், மேலும் பல வசதிகளை அதில் சேர்க்குமாறு பலர் வேண்டியும் அவர் எளிதில் இசைந்திலர்.

அந்நூலைக் கற்ற மாணவருள் ஒருவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர். அவர் 1969-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் ஹெல்சிங்கி நகரில் பிறந்தார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் புள்ளியியல் பேராசிரியர். அவரிடம் இருந்த சிறு கணிப்பொறியில்தான் இளமையிலேயே நிரல் எழுதப் பழகினார் லினஸ். 1988-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1991-ஆம் ஆண்டு சனவரியில், இன்டெல் 386 என்னும் கணக்கிடும் உறுப்பினை உடைய கணிப்பொறி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். அதன் நினைவகம் 4 மெகாபைட் அளவே கொண்டது. அதில் மினிக்ஸை நிறுவிப் பழகலானார்.

புதிய கணிப்பொறியின் இயல்பை உள்ளவாறு அறிதல் வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கமாகும். அதற்கென எளியதொரு சோதனை செய்தார். ஒரு வேலை, திரையில் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தை இடைவிடாது எழுத வேண்டும்; மற்றொரு வேலை 'பி' என்னும் எழுத்தை எழுத வேண்டும். கணக்கிடும் உறுப்பு சிறிது நேரம் முதல் வேலையையும் சிறிது நேரம் இரண்டாம் வேலையையும் மாறி மாறிச் செய்தது. திரையில் ஒரு வரிசை 'ஏ'யும் ஒரு வரிசை 'பி'யும் தோன்றின. காண்பார்க்கு இஃது ஒரு விளையாட்டாகத் தோன்றும். ஆயினும் பல வேலைகளுக்கு நேரத்தைப் பங்கிடும் இயங்குதளத்தின் அடிப்படைத் திறன் இதனுள் அடங்கியிருந்தது.

பின்னர், தம் இல்லத்திலிருந்தே தொலைபேசிக் கம்பியின் வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியுடன் தொடர்பு கொள்ள விழைந்து, இந்நிரலையே அதற்கேற்ப விரித்து எழுதினார். அங்கிருந்து பெற்ற கோப்புகளைச் சேமிக்க வேண்டியிருந்தது. அதற்காக வன்தட்டை இயக்கும் பகுதியை எழுதினார். கோப்புகளை ஒழுங்குற வைக்க வேண்டியிருந்தது. அதற்கான அமைப்பையும் எழுதினார். இவ்வாறு தேவை ஒன்றன்பின் ஒன்றாக எழ, நிரலும் வளர்ந்துகொண்டே சென்றது. தாம் எழுதுவது ஓர் இயங்குதளமாக உருப்பெறுதலை அவர் உணர்ந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், மினிக்ஸ் பயில்வோர் கணிப்பொறி வழியே கருத்துகளைப் பரிமாறிக்கொண்ட குழுவில் அவர் ஓர் அறிவிப்பு விடுத்தார். தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அது பெரியதாக அமையாது என்றும் அதில் குறிப்பிட்டார். மினிக்ஸில் விரும்பத்தக்கவை யாவை, வெறுக்கத்தக்கவை யாவை என்றும் வினவினார். இருபத்தொரு வயதே நிரம்பிய மாணவர், தம் படைப்பு முற்றுப்பெறுமுன்னரே பிறர் கருத்தை நாடியது கருதத்தக்கது.

செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் அந்நிரலின் முதற்பதிப்பு பின்லாந்தின் பல்கலைக்கழக வலையமைப்பைச் சார்ந்த கணிப்பொறி ஒன்றில், விரும்புவோர் எடுத்துக்கொள்ளுமாறு வைக்கப்பட்டது. தம் படைப்பிற்கு 'ஃப்ரீக்ஸ்' என்று பெயரிட லினஸ் எண்ணியிருந்தார். தம் பெயரைத் தழுவிய 'லினக்ஸ்' என்னும் பெயர் தற்பெருமையாகும் என்று அவர் கருதினார். ஆனால் அக்கணிப்பொறியில் இடம் ஒதுக்கித் தந்த ஆரி லெம்கே என்பவர், அவ்விடத்திற்கு 'லினக்ஸ்' என்றே பெயரிட்டுவிட்டார். அப்பெயரே நிலைத்தது.

அம்முதற்பதிப்பின் எண் 0.01 என்பதாகும். நிரல் எழுதுவோர் முழுமை பெற்ற முதற்பதிப்பினை 1.0 என்று குறிப்பது வழக்கம். எனவே 0.01 என்பது, இப்பணி தொடக்க நிலையிலேயே உள்ளது என்று வெளிப்படையாக உரைக்கும் எண்ணாகும். அதன் அளவு ஏறத்தாழப் பதினாயிரம் வரிகள். அதன் குறைகளோ பல. 386 வகைக் கணிப்பொறியிலன்றி வேறெதிலும் அஃது இயங்காது. நெகிழ்தட்டை இயக்கும் பகுதி அதில் இல்லை. பின்லாந்து நாட்டு விசைப்பலகைக்கேற்பவே அஃது அமைந்திருந்தது. அதனை நிறுவ விரும்புவோரிடம் மினிக்ஸ் முன்னரே இருத்தல் வேண்டும்; அதன் துணையின்றி இதனை உருவாக்க இயலாது. லினஸ் இக்குறைகளை மறைத்திலர். லினக்ஸ் எவ்வாறு உள்ளது என்று காண விழைவோர்க்கே இப்பதிப்பு உரியது என்றும், நிறைவான இயங்குதளத்தை நாடுவோர் 1.0 வரும் வரை காத்திருத்தல் வேண்டும் என்றும் உடன் வைத்த குறிப்பிலேயே எழுதியிருந்தார்.

அப்பதிப்பைப் பெற்றுச் சோதித்தவர் மிகச் சிலரே. ஆனால் அவர்கள் நிரலின் நுட்பம் அறிந்தவர்கள். மூல நிரல் அவர்கள் கையில் இருந்தமையால், பிழை உளது என்று கூறுவதோடு நில்லாது, பிழை எவ்வரியில் உளது என்றும் காட்ட வல்லவராயினர். சிலர் திருத்தத்தையும் எழுதி அனுப்பினர். அக்டோபர்த் திங்கள் 5-ஆம் நாள் 0.02 என்னும் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் பதிப்புகள் விரைந்து வந்தன. இதனிடையே ஒருநாள், தொலைபேசி இணைப்புக்குச் செல்ல வேண்டிய ஆணை தவறுதலாக வன்தட்டுக்குச் சென்று, மினிக்ஸ் இருந்த பகுதியைச் சிதைத்துவிட்டது. மினிக்ஸை மீண்டும் நிறுவுவதா, தம் படைப்பையே நம்புவதா என்னும் நிலை எழுந்தது. லினஸ் தம் படைப்பையே தேர்ந்தார். டிசம்பரில் வெளியான 0.11 என்னும் பதிப்பு, மினிக்ஸின் துணையின்றித் தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் ஆற்றல் பெற்றிருந்தது.

பயன்படுத்துவோர் கூறும் குறை எவ்வாறு நன்மையாக மாறும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜெர்மனி நாட்டவர் ஒருவரிடம் 2 மெகாபைட் நினைவகமே உடைய கணிப்பொறி இருந்தது. அவ்விடம் போதாமையால் அவர் லினக்ஸைத் தம் கணிப்பொறியில் உருவாக்க இயலாது இடர்ப்பட்டார். அச்செய்தி லினஸுக்கு எட்டியது. அவருடைய கணிப்பொறியில் அவ்விடர் இல்லை. ஆயினும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதற்கு வழி கண்டார். நினைவகம் நிரம்பும்போது, அப்பொழுது வேண்டாத பகுதிகளை வன்தட்டுக்கு மாற்றி வைத்து, வேண்டும்போது மீட்டுக்கொள்ளும் முறையை அமைத்தார். சிறிய வீட்டில் வாழ்வோர் பயன்படாத பண்டங்களைப் பரணில் ஏற்றிவைப்பது போன்றதே இம்முறை. 1992-ஆம் ஆண்டு சனவரியில் வெளியான 0.12 என்னும் பதிப்பில் இவ்வசதி இடம்பெற்றது. அந்நாளில் மினிக்ஸிலும் இல்லாத வசதி இது. எளிய பொறியை உடைய ஒருவரின் முறையீடு, லினக்ஸை அதன் வழிகாட்டியினும் ஒரு படி உயர்த்திவிட்டது.

தம் உழைப்பிற்கு லினஸ் பொருள் வேண்டவில்லை. பணம் அனுப்ப முன்வந்தோரிடம், தத்தம் ஊரின் அஞ்சலட்டை ஒன்றை அனுப்பினால் போதும் என்றார். பல நாடுகளிலிருந்தும் அஞ்சலட்டைகள் அவர் இல்லத்தை வந்தடைந்தன. லினக்ஸை விற்றுப் பொருள் ஈட்டலாகாது என்று அவர் முதலில் விதித்திருந்தார். 1992-ஆம் ஆண்டில் அவ்விதியை நீக்கி, ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் வகுத்திருந்த பொது உரிமத்தின் கீழ் அதனை வெளியிட்டார். எவரும் நிரலைப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம், விற்கவும் செய்யலாம். ஆயின் திருத்தி வழங்குவோர் தாம் திருத்திய மூல நிரலையும் தம்மிடம் பெறுவோர்க்குத் தருதல் வேண்டும். இதுவே அவ்வுரிமத்தின் சாரம். ஸ்டால்மன் 1983-ஆம் ஆண்டில் தொடங்கிய குனூ என்னும் திட்டத்தில் பல கருவி நிரல்கள் எழுதப்பட்டிருந்தன. ஆனால் கரு நிறைவு பெறவில்லை. லினக்ஸோ கருவாக விளங்கிற்று. இரண்டும் இணைந்தபோது முழுமையான இயங்குதளம் அமைந்தது.

பாராட்டே அன்றிக் கடுமையான மறுப்பும் லினக்ஸுக்கு நேர்ந்தது. 1992-ஆம் ஆண்டு சனவரி இறுதியில், டானன்பாம் அவர்களே லினக்ஸின் அமைப்பு காலங்கடந்தது என்று எழுதினார். கருவின் பணிகளையெல்லாம் ஒரே தொகுதியாக எழுதாது, சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தலே முறை என்பது அவர் வாதம். லினஸ் தம் மாணவராயிருந்திருப்பின், இத்தகைய அமைப்பிற்கு உயர்ந்த மதிப்பெண் பெற்றிருக்கமாட்டார் என்றும் கூறினார். யாருடைய நூலைப் பயின்று தாம் அறிவு பெற்றாரோ, அவரே இவ்வாறு உரைத்தது லினஸை வருத்தியது. சினத்துடன் விடை எழுதினார். பின்னர்த் தம் சொற்களின் கடுமைக்கு வருத்தமும் தெரிவித்தார். கருத்தில் இருவரும் உடன்பட்டாரல்லர். எனினும், அறிஞர் ஒருவர் குறை கூறியதனால் லினஸ் பணியைக் கைவிடவுமில்லை. பணி வளர்ந்ததனால் அறிஞரின் பெருமை குன்றவுமில்லை.

அவருடைய கணிப்பும் ஒருமுறை பொய்த்ததுண்டு. 1992-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நிறைவு அண்மையில் உளது என்று கருதி, 0.12-க்கு அடுத்த பதிப்பிற்கு 0.95 என்று எண்ணிட்டார். ஆனால் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பகுதியில் பிழைகள் மிகுந்திருந்தன. அவற்றைக் களைய இரண்டு ஆண்டுகள் சென்றன. எண் ஒன்றை நெருங்க நெருங்க, இடையில் பற்பல திருத்தப் பதிப்புகளை வெளியிட நேர்ந்தது. ஆயினும் அவர் பொறுமை இழந்து குறையுள்ளதை நிறைவு என்று அறிவிக்கவில்லை. இறுதியில் 1994-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. பதினாயிரம் வரிகளாய்த் தோன்றிய நிரல், அப்போது ஒரு இலட்சத்து எழுபத்தாறாயிரம் வரிகளுக்கு மேல் வளர்ந்திருந்தது. அவ்வரிகளில் பல நாட்டினரின் உழைப்பும் கலந்திருந்தது.

பெரியதாக அமையாது என்று கூறித் தொடங்கப்பட்ட அப்பணி இன்று உலகெங்கும் பரவியுள்ளது. ஆண்ட்ராய்டு கைபேசிகள் யாவும் லினக்ஸ் கருவைக் கொண்டே இயங்குகின்றன. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான உலகின் மிக விரைவான ஐந்நூறு கணிப்பொறிகளின் பட்டியலில், ஐந்நூறும் லினக்ஸால் இயங்குவனவாகவே இருந்தன. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளத்திற்கும் இதுவே அடிப்படை.

குறையுள்ள செயலைப் பிறர்க்குக் காட்ட அஞ்சுதல் மக்கள் இயல்பு. முழுமை பெற்றபின் காட்டுவோம் என்று ஒளித்து வைப்போர் பலர். ஒளித்து வைத்த செயலின் குறையைச் செய்தவரே காண வேண்டும். ஒருவர் கண்ணுக்கு எல்லாக் குறையும் புலப்படா. தம்மிடம் 4 மெகாபைட் நினைவகம் இருந்தமையால், 2 மெகாபைட் உடையார் படும் இடரை லினஸ் தாமாக அறிந்திருக்க இயலாது. மற்றொரு சாரார், அரைகுறையாகச் செய்ததையே நிறைவானது எனக் கூறிப் பிறர் தலையில் கட்டுவர். அதுவும் வெள்ளோட்டம் ஆகாது. தம்மால் இயன்ற அளவு முயன்று செய்தலும், எஞ்சிய குறையை உள்ளவாறு கூறலும், அறிந்தோர் காட்டும் பிழையைத் திருத்திக்கொள்ளலும் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில்தான் சிறு முயற்சி பெருஞ்செயலாக வளரும். 0.01 என்னும் எண், ஓர் இளைஞர் தம் பணியின் நிலையைத் தாமே அளந்து, கூட்டாமல் கூறிய எண்ணாகும். அந்த நேர்மையே உலகத்தாரை அவருடன் சேர்ந்து உழைக்கச் செய்தது.