முதலில் சுவிட்ச், பிறகு வால்வு: பிளம்பிங் பயிலுநர் கற்கும் அறிவியல்

உட்கூரைக்கு மேலே பொருத்தப்பட்ட 50 லிட்டர் சுடுநீர்க் கலனிலிருந்து நீர் சொட்டுகிறது. பழுதுபார்க்க மூத்த பிளம்பரும் அவரிடம் தொழில் பயிலும் இளைஞரும் வந்திருக்கிறார்கள். பயிலுநர் முதலில் கைவைக்க வேண்டியது எதில்? சொட்டும் குழாயிலா, வால்விலா, சுவிட்சிலா?

இதற்குச் சரியான விடை ஒன்றே. பாதுகாப்பு விதிகளை மனப்பாடம் செய்பவர் அவசரத்தில் ஒரு படியைத் தாண்டிவிடக்கூடும். ஒவ்வொரு படிக்கும் பின்னால் உள்ள காரணத்தை அறிந்தவர் அப்படித் தாண்டமாட்டார். மாணவர்களே, அந்தக் காரணங்கள் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே உள்ளன.

முதல் படி: மின்சாரத்தைத் துண்டித்தல்

நம் வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் வரை குறையலாம். ஓம் விதிப்படி கணக்கிடுங்கள்: 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லியம்பியர். சுமார் 30 மில்லியம்பியர் பாய்ந்தாலே தசைகள் இறுகி மூச்சு விடுவது கடினமாகும். 100 மில்லியம்பியர் இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும்.

மலேசியாவில் சுடுநீர்ச் சாதனங்களுக்கு 10 மில்லியம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் பாதுகாப்புச் சுவிட்ச் வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் அந்தச் சுவிட்சை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக்கூடாது. மின்பெட்டியில் இணைப்பைத் துண்டித்து, வேறு யாரும் மீண்டும் போட்டுவிடாதபடி பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்ட வேண்டும். பிறகு மின்சாரம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று தகுதி பெற்றவர் கருவி கொண்டு சோதிக்க வேண்டும். கலனின் மின்கம்பிகளைக் கழற்றுவதும் இணைப்பதும் மின்பணியாளரின் வேலை. பிளம்பிங் பயிலுநர் அதில் கைவைக்கக்கூடாது.

இரண்டாம் படி: ஆறவிடுதல்

சுவிட்சை அணைத்ததும் நீர் குளிர்ந்துவிடாது. கலனைச் சுற்றி வெப்பத்தைத் தடுக்கும் உறை இருக்கிறது. நீரின் தன்வெப்பக் கொள்ளளவும் அதிகம். எனவே உள்ளே உள்ள நீர் பல மணி நேரம் சூடாகவே இருக்கும். 60 பாகை செல்சியஸ் நீர் சுமார் 5 விநாடிகள் தோலில் பட்டாலே கடுமையான தீப்புண் உண்டாகும்.

மூன்றாம் படி: நீரை அடைத்து வடித்தல்

அடுத்துக் குளிர்நீர் வரும் வால்வை மூட வேண்டும். வடிகுழாயைத் திறப்பதற்கு முன், குளியலறையில் உள்ள சுடுநீர்க் குழாயைத் திறந்துவைக்க வேண்டும். ஏன்? நீர் வெளியேறும் இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். காற்று நுழைய வழியில்லை என்றால் கலனுக்குள் அழுத்தம் குறையும். வெளியே உள்ள வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 10 டன் எடைக்குச் சமமான விசையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. மெல்லிய கலனாக இருந்தால் உள்நோக்கி நசுங்கிவிடலாம்.

50 லிட்டர் நீரின் எடை 50 கிலோ. கலனை இறக்க வேண்டியிருந்தால், முழுதும் வடித்த பின்னரே இருவராகச் சேர்ந்து இறக்க வேண்டும்.

சொட்டும் வால்வை அடைக்கலாமா?

சொட்டுவது சேஃப்டி வால்வு என்று தெரிந்ததும், "அந்தக் குழாய் வாயை அடைத்துவிடுங்கள், போதும்" என்று வீட்டுக்காரர் சொல்லலாம். பயிலுநர் உறுதியாக மறுக்க வேண்டிய இடம் இது.

நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கன அளவு சுமார் 1.3 விழுக்காடு கூடும். 50 லிட்டருக்கு இது ஏறத்தாழ 650 மில்லிலிட்டர். குளிர்நீர் வரும் வழியில் ஒருவழி வால்வு இருந்தால், விரிந்த நீர் திரும்பிப் போக முடியாது. நீரை அமுக்கிச் சிறிதாக்குவதும் மிகக் கடினம். ஆகவே அழுத்தம் வேகமாக உயரும். அதைத் தணிக்கவே சேஃப்டி வால்வு சிறிதளவு நீரை வெளியேற்றுகிறது.

வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, வால்வும் அடைக்கப்பட்டிருந்தால் நிலைமை மோசமாகும். அழுத்தத்தில் உள்ள நீர் 100 பாகையிலும் கொதிக்காமல் மேலும் சூடேறும். கலன் வெடிக்கும் கணத்தில் அழுத்தம் சட்டென்று விழ, நீரின் ஒரு பகுதி உடனே ஆவியாகும். நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைக்கும். கூரையைப் பெயர்க்க அது போதும்.

எனவே சொட்டுவதை ஓர் அறிகுறியாகக் கொண்டு காரணத்தைத் தேட வேண்டும். சூடாகும்போது மட்டும் சிறிது சொட்டினால் அது இயல்பாக இருக்கலாம். எந்நேரமும் சொட்டினால் வால்வு தேய்ந்திருக்கலாம், குழாய் நீரின் அழுத்தம் மிகுந்திருக்கலாம், அல்லது வெப்பக் கட்டுப்பாடு பழுதாகியிருக்கலாம்.

வேலை முடிந்ததும் வரிசை தலைகீழாகும். முதலில் நீர், பிறகு மின்சாரம். சுடுநீர்க் குழாயில் காற்று வருவது நின்று நீர் சீராகக் கொட்டினால் கலன் நிறைந்துவிட்டது என்று பொருள். காலிக் கலனில் மின்சாரத்தைப் போட்டால், வெப்பத்தை எடுத்துச் செல்ல நீர் இல்லாததால் சூடேற்றும் சுருள் கருகிவிடும்.

இதை எங்கே கற்கலாம்?

மலேசியாவில் எஸ்.பி.எம். முடித்தவர்கள் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். படிக்கலாம். எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் பயிற்சியின் பெரும்பகுதி வேலையிடத்திலேயே நடக்கும். எஞ்சியது பயிற்சி நிலையத்தில் நடக்கும். நல்ல ஆசானிடம் பயில்பவர் "எப்படி?" என்பதோடு "ஏன்?" என்றும் கேட்கலாம். பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் வேலையை நிறுத்தி ஆசானிடம் சொல்லவும் அவர் பழக வேண்டும்.

சிந்தித்து விடை காண்க

1. 3 கிலோவாட் சூடேற்றி 50 லிட்டர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த எவ்வளவு நேரமாகும்? 1 கிலோ நீரை 1 பாகை உயர்த்த 4,200 ஜூல் தேவை.

2. காலணி அணிந்த, உலர்ந்த கையுள்ள ஒருவருக்கு அபாயம் குறைவது ஏன்? அப்படியிருந்தும் அவர் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியது ஏன்?

(முதல் வினாவின் விடை: வெப்ப இழப்பு இல்லையென்று கொண்டால், சுமார் 37 நிமிடங்கள்.)