நீர்க்காய் மரம் – பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைப் பாடம்

அடுகோடியிலிருந்து லால்பாக் பக்கம் போகும் வழியில், உச்சியில் தீக்கொழுந்து போல் செம்பூக்கள் பூத்து நிற்கும் உயர்ந்த மரங்களை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். இதன் மொட்டை அழுத்தினால் பீச்சாங்குழல் போல நீர் பீறிடும். கன்னட அன்பர்கள் இதை 'நீருகாயி மர' என்பது இதனால்தான். தாவர இயலில் இதன் பெயர் ஸ்பேதோடியா கம்பானுலாட்டா. தாயகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா.

பெங்களூரில் இத்தகைய வெளிநாட்டுப் பூமரங்கள் மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1908 முதல் 1932 வரை லால்பாக்கை நிர்வகித்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு சாலை பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்தெடுத்து நடச் செய்தார்.

விதைப்பது எப்படி?

படகு வடிவக் காய் முற்றிப் பழுப்பு நிறமாகி வெடிக்கும். உள்ளே நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித்தாள் போன்ற சிறகு உண்டு. காற்றில் வெகுதூரம் பறக்கத்தான் இந்த ஏற்பாடு. செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து, அடியில் துளையுள்ள தொட்டியில் நிரப்புங்கள். புதிய விதைகளைப் படுக்கையாகப் பரப்பி, மேலே மெல்லிய மணல் தூவுங்கள். ஆழப் புதைக்க வேண்டாம். அரை நிழலில் வைத்து ஈரம் காயாமல் பூவாளியால் தெளித்து வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் முளை தெரியும்.

எங்கே நடக் கூடாது?

இம்மரம் விரைவாக, 20 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ஆனால் கட்டை மென்மையானது. ஏப்ரல், மே மாத இடிமழைக் காற்றில் கிளை முறியும். ரயில்வேயில் பாதையோர மரங்களைப் பார்த்துப் பழகியவன் என்ற முறையில் ஒரு கணக்குச் சொல்கிறேன்: மரம் எவ்வளவு உயரம் வளருமோ, அவ்வளவு தூரமாவது சுவரும் மின்கம்பியும் தள்ளி இருக்க வேண்டும். நம் சந்துகளில் அதற்கு இடம் ஏது?

இன்னொன்று. பறக்கும் விதையாலும் வேர்க்கன்றாலும் பரவி, ஃபிஜி, ஹவாய் தீவுகளில் இது உள்ளூர்த் தாவரங்களை நெருக்கிவிட்டது. உலகின் மிக மோசமான 100 ஊடுருவும் இனங்களின் பட்டியலிலும் இது உள்ளது.

ஆகவே முளைப்பதைத் தொட்டியில் கண்டு படிப்போம். தெருவில் நட நம் புங்க மரமே போதும். கன்னடத்தில் அதுவே 'ஹொங்கே'. நெற்று விதையை ஊன்றினால் எளிதில் முளைக்கும். நல்ல நிழலும் தரும். இந்த மழைக்காலத்தில் குடும்பத்துக்கு ஒன்று நடுவோமா?