‘முஸ்தாக்’: ஒரு துருக்கிய மலைப்பெயரின் பொருளும் ஆங்கில வழக்கும்

முன்னுரை

ஒரு மொழியில் பொதுப்பெயராக வழங்கும் சொல் வேற்றுமொழியுள் புகுந்து சிறப்புப்பெயராதல் இடப்பெயராய்வில் பரவலாகக் காணப்படுவது. அச்சிறப்புப்பெயர் புகுந்த மொழியிலேயே மீண்டும் வகைப்பெயராதல் அரிது. நடு ஆசியத் துருக்கிய மொழிகளிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்ற ‘முஸ்தாக்’ என்னும் சொல் இவ்விரு நிலைகளையும் கண்டுள்ளது. பெரும்பாலும் மலையேற்ற நூல்களிலும் நிலப்படங்களிலும் வழங்கும் இச்சொல்லின் பொருளையும் ஆங்கில ஆட்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழில் அதனை வழங்கும் முறையையும் சுட்டுகிறது.

சொல்லமைப்பு

உய்குர் மொழியில் ‘முஸ்’ என்பது பனிக்கட்டி. ‘தாக்’ என்பது மலை. அடை முன்னும் பெயர் பின்னுமாக நிற்கும் இத்தொடரின் நேர்ப்பொருள் பனிக்கட்டி மலை என்பதாகும். கசாக், கிர்கிஸ், உஸ்பெக் மொழிகளிலும் பனிக்கட்டியைக் குறிக்கும் சொல் மகர முதலாகவே அமைகிறது. துருக்கி நாட்டு மொழியில் அது ‘புஸ்’ எனப் பகர முதலாகிறது. அம்மொழியில் இவ்விரு சொற்களும் இணைந்த தொகைச்சொல் கடலில் மிதக்கும் பனிப்பாறையைக் குறிக்கிறது. வானிலிருந்து பொழியும் பனிக்கு இம்மொழிகளில் வேறு சொல் உண்டு. ஆகவே, ‘முஸ்தாக்’ பனி பெய்த மலையைக் குறிப்பதன்று. உறைந்து இறுகிய பனிக்கட்டி போர்த்த மலையைக் குறிப்பது.

ஆங்கிலத்தில் சிறப்புப்பெயராதல்

காரகோரம் பகுதியை அளந்த காட்வின் ஆஸ்டின் 1864-இல் வெளியிட்ட கட்டுரையில் அம்மலைத்தொடரை ‘முஸ்தாக்’ தொடர் என்றே குறித்தார். அவருடைய எழுத்துக்கூட்டலில் ‘இசட்’ எழுத்துக்குப் பதிலாக ‘எஸ்’ இடம்பெற்றது. இதனால் பனிக்கட்டியைக் குறிக்கும் முதற்சொல் ஆங்கில வாசகருக்குப் புலப்படாமற் போயிற்று. பின்னர் ‘இசட்’ இட்டு எழுதும் வழக்கு நிலைபெற்றது.

இப்பெயர் தனி மலைகளுக்கும் கணவாய்க்கும் வழங்கியது. யங்ஹஸ்பண்ட் 1887-இல் கடந்தது முஸ்தாக் கணவாய். சீனாவின் மேற்கிலுள்ள ‘முஸ்தாக் அத்தா’ என்பதற்குப் பனிக்கட்டி மலைகளின் தந்தை என்பது பொருள். குன்லுன் தொடரிலுள்ள 6,973 மீட்டர் உயரச் சிகரம் ‘உலுக் முஸ்தாக்’, அதாவது பெரும் பனிக்கட்டி மலை எனப்படுகிறது. 1956-இல் முதன்முதலாக ஏறப்பெற்ற ‘முஸ்தாக் டவர்’ துருக்கியமும் ஆங்கிலமும் கலந்த பெயர்.

வகைப்பெயராதல்

மலைத்தொடர் முழுமைக்கும் நிலைத்த பெயர் ‘காரகோரம்’. கருங்கற்குவை எனப் பொருள்படும் அதுவும் துருக்கியச் சொல்லே. முதலில் ஒரு கணவாய்க்கு உரியதாக இருந்து தொடர் முழுமைக்கும் பரவியது. 1856-இல் மாண்ட்கோமரி சிகரங்களுக்கு இட்ட ‘கே’ என்னும் குறியும் அதன் முதலெழுத்தே. பனிக்கட்டி மிகுந்த தொடருக்குக் கருங்கல்லின் பெயர் நிலைக்க, பனிக்கட்டியின் பெயர் பின்தங்கியது.

எனினும் 1937-இல் நிகழ்ந்த காரகோரம் மாநாடு அச்சொல்லுக்குப் புதிய பணியை அளித்தது. பெருங்காரகோரத்தின் உட்பிரிவுகள் பட்டூரா முஸ்தாக், ஹிஸ்பார் முஸ்தாக், பால்டோரோ முஸ்தாக், சியாச்சின் முஸ்தாக் எனப் பெயர் பெற்றன. சிறுகாரகோரத்தின் பிரிவுகளுக்கோ தொடர் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே அமைந்தது. 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 பால்டோரோ முஸ்தாக்கில் உள்ளது. இங்கு ‘முஸ்தாக்’ ஒரு மலையைக் குறிக்கவில்லை. முதன்மைத் தொடரின் ஒரு பகுதியைக் குறிக்கிறது. முன்னிற்கும் பெயர்கள் பனியாறுகளுக்கு உரியவை. அவற்றுள் ‘சியாச்சின்’ பால்டி மொழிச் சொல். இவ்வாறு இருமொழிச் சொற்கள் இணைந்த ஒரு பெயர்முறையை ஆங்கில நிலப்படவியல் உருவாக்கியது. சொல் காக்கப்பட்டது, அதன் பொருள் வரையறை மாறியது.

முடிவுரை

தமிழ் எழுத்தில் ‘எஸ்’, ‘இசட்’ ஒலிகள் வேறுபடுத்தப்படாமையால், ஆங்கிலம் பின்னர்த் திருத்திக்கொண்ட மறைவு தமிழில் மீண்டும் நேர்கிறது. ‘பனிமலை’ என மொழிபெயர்ப்பதும் நிறைவளிப்பதில்லை; தமிழில் ‘பனி’ என்னும் சொல் காலைப்பனியையும் பொழிபனியையும் ஒருங்கே குறிப்பது. ‘முஸ்தாக் மலை’ என எழுதினால் ‘மலை’ இருமுறை வருகிறது. எனவே, ‘முஸ்தாக்’ என்றே எழுதி, முதல் ஆட்சியில் ‘பனிக்கட்டி மலை’ எனப் பொருள் தருவதும், மலைத்தொடரின் பிரிவைச் சுட்டுமிடத்து அதனைத் தனியே குறிப்பதும் ஏற்புடையன. மூலமொழி வழங்கிய பொருளும் ஆங்கிலம் ஏற்றிய பொருளும் அப்போதே தமிழ் வாசகருக்குத் தெளிவாகும்.