கமக்காரர் வீட்டில் மஞ்சள்: சருமத்துக்கும் உடல்நலத்துக்கும் அது உதவும் முறையும் அதன் எல்லையும்

மஞ்சள் இல்லாத அடுக்களை நம் நாட்டில் இல்லை எனலாம். கறிக்கு நிறமும் மணமும் ஊட்டவும், மச்சத்தைக் கழுவவும், மங்கல காரியங்களுக்கும் உபயோகிக்கப்படும் இப்பொருள், கமக்காரர் வீட்டில் மருந்துப் பெட்டியாகவும் இருந்துவந்துள்ளது. மண்வெட்டி பட்ட காயத்துக்கும், நாற்று நடுகைக் காலத்தில் கால்விரலிடையில் உண்டாகும் சேற்றுப்புண்ணுக்கும் முதலில் தேடப்படுவது மஞ்சளே. இவ்வழக்கங்களுட் பல நற்பயன் தருவன, சில பயனற்றன, ஒரு சில உயிருக்கே ஆபத்தை விளைவிக்கக்கூடியன. அவற்றைப் பிரித்தறிந்து நடத்தற்கு உதவுவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

1. மஞ்சளின் இயல்பு

மஞ்சள், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த செடியின் நிலக்கீழ்த் தண்டாகும். இதன் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான முக்கிய பொருள் குர்க்குமின் எனப்படும். இப்பொருள் 1815ஆம் ஆண்டில் மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. உலர்ந்த மஞ்சளில் இது நூற்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 5 பங்கு வரை காணப்படும். வீக்கத்தைத் தணிக்கும் இயல்பும், சிலவகைக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் இயல்பும் இதற்கு உண்டென ஆய்வுகூடச் சோதனைகளில் அறியப்பட்டுள்ளது.

குர்க்குமினின் மூன்று குணங்களை மனத்திற்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, அது நீரிற் கரைவது மிக அரிது. எண்ணெயில் ஓரளவு கரையும். ஆகவே எண்ணெயிற் சேர்த்துப் பூசுவது பொருத்தமானது. இரண்டாவது, வெயில் பட்டால் அது சிதைவடையும். துணியிற் பட்ட மஞ்சட்கறை வெயிலிற் காய்ந்ததும் மங்கிப்போவதை இல்லத்தரசிகள் அறிவர். எனவே அரைத்த மஞ்சளை ஒளிபுகாத பாத்திரத்தில் மூடி வைத்தல் வேண்டும். மூன்றாவது, சுண்ணாம்பு, சவர்க்காரம் போன்ற காரப்பொருள்களுடன் சேரும்போது அது சிவக்கும். ஆலத்தி நீர் சிவப்பதற்கும், மஞ்சட்கறை பட்ட துணிக்குச் சவர்க்காரமிடும்போது கறை சிவப்பதற்கும் காரணம் இதுவே.

காயத்துக்கு மஞ்சளிடுவது மிகப் பழைய வழக்கமாகும். இவ்வுபயோகத்துக்கு 1995இல் அமெரிக்காவில் தனியுரிமை வழங்கப்பட்டது. இது தங்கள் நாட்டில் முன்னரே வழங்கிவந்த முறையென இந்திய விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனம் சான்றுகளுடன் எடுத்துக்காட்டவே, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு வழக்கம் பழையதென்பதனால் மட்டும், அது எல்லாக் காயத்துக்கும் ஏற்றதாகிவிடாது.

2. சருமப் பாதுகாப்பில் வழங்கும் முறைகள்

குளிப்பதற்கு மஞ்சள் பூசுதல்: பெண்கள் முகத்துக்கும் கைகால்களுக்கும் மஞ்சள் அரைத்துப் பூசிக் குளிப்பது வழக்கம். இதற்கு வாசனையுள்ள கஸ்தூரி மஞ்சளே சிறந்ததென்பர். கஸ்தூரி மஞ்சள் வேறோர் இனமாகும். அதனைக் கறிக்கு உபயோகித்தல் ஆகாது. முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு நாள் பார்த்து, கடியோ தடிப்போ தோன்றாவிடின் மட்டுமே முகத்துக்குப் பூசுதல் வேண்டும்.

வேப்பிலையும் மஞ்சளும்: சொறி சிரங்குக்கு இவ்விரண்டையும் அரைத்துப் பூசுவது வழக்கம். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் சிரங்குள்ள 814 பேருக்கு இவ்வாறு பூசியதில், நூற்றுக்கு 97 பேர் 3 முதல் 15 நாட்களுள் குணமடைந்தனர் எனக் கூறப்பட்டுள்ளது. இது வேறு மருந்துடன் ஒப்பிட்டுப் பார்க்காத முன்னோடி ஆய்வாகும். எனவே இதனை நம்பிக்கை தரும் முறையென்றே கொள்ளலாம். முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. சிரங்கு ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுமாதலால், வீட்டிலுள்ள யாவருக்கும் ஒரே வேளையில் மருந்திடுதலும், பாய், படுக்கைத் துணிகளை வெந்நீரிற் கழுவி வெயிலிலிடுதலும் அவசியம்.

கொப்புளிப்பான் கண்டபின் நீராட்டுதல்: வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரில் குளிப்பாட்டுவது உடலைச் சுத்தப்படுத்தும், மனத்துக்கு ஆறுதலும் அளிக்கும். ஆனால் நோயை நீக்குவது மஞ்சளன்று. நோயாளிக்கு மூச்சுத்திணறலோ, தணியாத காய்ச்சலோ உண்டாயினும், நோய் கண்டவர் கர்ப்பிணியாயினும், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

3. சேற்றுப்புண்ணும் குதிவெடிப்பும்

சேற்றில் நெடுநேரம் நிற்பதால் விரலிடைத் தோல் ஊறி வெளுத்து மென்மையடைகிறது. ஈரம் நிலைத்த அவ்விடத்தில் பூஞ்சணம் இலகுவில் வளரும். இதனால் அரிப்பும், பின்னர் வெடிப்பும், புண்ணும் உண்டாகின்றன. மரக்கறித் தோட்டத்தில் நீர் பாய்ச்சுவோருக்கும் இது வருவதுண்டு. ஈரத்தை அகற்றாது எம்மருந்தைப் பூசினும் இப்புண் ஆறாது. ஆகவே பின்வரும் முறையைக் கைக்கொள்க:

(அ) வேலை முடிந்தவுடன் கால்களைச் சுத்தமான நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவுக. வாய்க்கால் நீரிற் கழுவுதல் போதாது.

(ஆ) உலர்ந்த துணியால் ஒவ்வொரு விரலிடையையும் ஒற்றி ஈரத்தை நீக்குக.

(இ) அரைப் போத்தல் தேங்காயெண்ணெயில் அல்லது நல்லெண்ணெயில் நான்கு தேக்கரண்டி தூய மஞ்சட்டூளையும் ஒரு கைபிடி உலர்ந்த வேப்பிலையையும் இட்டு, புகையெழாவண்ணம் இளஞ்சூட்டிற் காய்ச்சி, ஆறவைத்து வடித்துக்கொள்க. இதனை உறங்கச் செல்லுமுன் மெல்லியதாகப் பூசுக. தோலில் வெடிப்பும் அரிப்பும் மட்டும் உள்ளபோதே இது பொருந்தும். குதிவெடிப்புக்கும் இது நன்று.

(ஈ) மறுநாள் சேற்றில் இறங்குமுன் கால்களுக்குச் சிறிதளவு எண்ணெய் தடவுக. நீர் தோலில் ஊறுவதை இது ஓரளவு குறைக்கும்.

ஐந்து நாட்களில் குணம் தோன்றாவிடினும், சீழ், வீக்கம், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறிகட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் வைத்தியரை நாடுதல் வேண்டும். நீரிழிவு நோயுள்ளவர்கள் காலிற் புண் கண்ட முதல் நாளிலேயே வைத்தியரிடம் காட்டுதல் அவசியம். அவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்திருக்குமாதலால், புண் ஆழமாவதை அவர்கள் அறியமாட்டார்கள்.

4. எலிக்காய்ச்சலை மஞ்சள் தடுக்காது

கமக்காரருள் சிலர், காலிலுள்ள புண்ணுக்கு மஞ்சள் பூசிவிட்டால் வயலில் இறங்குவதில் அச்சமில்லையென எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. எலிகளின் சிறுநீருடன் வெளியேறும் கிருமி வயல் நீரிலும் சேற்றிலும் கலந்து, தோலிலுள்ள சிறு கீறல், வெடிப்பு, புண் வழியாக உடலினுட் புகுகிறது. மாடு முதலிய விலங்குகளாலும் இக்கிருமி பரவும். பூசிய மஞ்சள் சேற்றில் இறங்கிய சிறிது நேரத்தில் கழுவுண்டு போகும். கழுவுண்ணாதிருப்பினும் அது இக்கிருமிக்குத் தடையாகாது.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் எலிக்காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாகியது. 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாண மாவட்டத்திலும் இந்நோயால் உயிரிழப்புகள் நேர்ந்தன. தொடக்கத்தில் அது இன்ன காய்ச்சலென அறியப்படாதிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வயலில் இறங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அல்லது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையை அணுகி, வாரத்துக்கொருமுறை உட்கொள்ளும் தடுப்பு மாத்திரையைப் பெற்றுக்கொள்க. வரம்புகளைச் செதுக்கித் துப்புரவாக வைத்து, எலி வளைகளை அழிக்க. ஆறாத புண்ணுள்ளவர் சேற்றில் இறங்காதிருத்தல் நன்று. இறங்க நேரின் புண்ணை நீர் புகாதவாறு மூடி, காலுக்கு உறை அணிக. வயல் வேலை செய்த ஒரு மாதத்துள் காய்ச்சல், கெண்டைக்காலிலும் இடுப்பிலும் கடும் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் என்பன தோன்றின், கைமருந்து செய்து நாட்போக்காது வைத்தியசாலைக்குச் சென்று, “நான் வயலில் வேலை செய்தேன்” என்பதைத் தவறாது கூறுக. தொடக்கத்திற் கண்டறியின் இந்நோய் குணப்படுத்தக்கூடியதே.

5. மஞ்சள் இடத்தகாத இடங்கள்

ஆழமான காயம்: ஆணி, முள், மண்வெட்டி, கத்தி ஆகியவற்றால் உண்டான ஆழமான காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அடைத்துக் கட்டுதல் மிகவும் ஆபத்தானது. மண்ணிலும் மாட்டெருவிலும் வாழும் ஏற்புவலிக் கிருமி, காற்றுப் புகாத இடத்திலேயே பெருகும். ஆகவே காயத்தை அடைப்பது அக்கிருமிக்கு இடமளிப்பதாகும். ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் நன்கு கழுவி, சுத்தமான துணியாற் கட்டி, ஏற்புவலித் தடுப்பூசி இடுவதற்கு வைத்தியசாலைக்குச் செல்க.

தீக்காயம்: குளிர்ந்த ஓடும் நீரை 20 நிமிடம் விடுக. மஞ்சளோ எண்ணெயோ பூசலாகாது.

கிருமிநாசினி பட்ட தோல்: மஞ்சளெண்ணெய் பூசின், சில நஞ்சுகள் தோலினூடாக மேலும் உட்செல்லக்கூடும். நனைந்த உடையைக் களைந்து, நிறைந்த நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவுக. மயக்கம், வாந்தி, பார்வை மங்கல் காணின், மருந்துப் போத்தலின் சுட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைக.

குழந்தையின் தொப்புட்கொடி, கண், பாம்பு கடித்த இடம்: இவை மூன்றிலும் மஞ்சள் இடுதல் கூடவே கூடாது.

6. உணவில் மஞ்சள்

அன்றாடக் கறியிற் சேரும் மஞ்சளால் தீங்கில்லை. பிள்ளைபெற்ற தாய்க்கு ஆக்கும் சரக்குக்கறியில் மஞ்சளுடன் மிளகு, சீரகம், மல்லி, உள்ளி ஆகியன சேர்க்கப்படுகின்றன. உட்கொண்ட குர்க்குமினில் மிகச் சிறு பங்கே குருதியிற் சேரும். மிளகிலுள்ள பைப்பரின் என்னும் பொருள் அப்பங்கைப் பெருக்குமென 1998இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மஞ்சளையும் மிளகையும் ஒருங்கே சேர்க்கும் நம் வழக்கம் இவ்வகையிற் பொருத்தமுடையதாகும். தொண்டைக் கரகரப்புக்கு இவ்விரண்டும் இட்ட சூடான பால் இதமளிக்கும்.

எனினும், அளவை மீறுவதால் பயன் பெருகாது. செறிவூட்டிய குர்க்குமின் மாத்திரைகளை உட்கொண்டோருட் சிலருக்கு ஈரல் பாதிப்பு உண்டானமை பல நாடுகளிற் பதிவாகியுள்ளது. பித்தக்கல் உள்ளவரும், குருதி உறையாதிருக்க மருந்து உட்கொள்வோரும் வைத்தியரைக் கேளாது அத்தகைய மாத்திரைகளை உட்கொள்ளலாகாது.

7. கலப்படத்தை அறிதல்

மஞ்சள் தூயதாயின் மட்டுமே மேற்கூறிய பயன் கிட்டும். 2020இல் இறக்குமதி தடைப்பட்டு விலை கிலோவுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு உயர்ந்தபோது, மாவும் நிறமும் கலந்த தூள் நம் சந்தைகளில் விற்கப்பட்டது. வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பான நிறமூட்ட ஈயம் கலந்த சாயம் சேர்க்கப்பட்டமை 2019இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சாகும்.

ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டித் தூளை இட்டுக் கலக்காது வைக்க. தூய மஞ்சள் பெரும்பாலும் அடியிற் படிந்து, நீர் இளமஞ்சளாகத் தோன்றும். நீர் முழுவதும் கடும் மஞ்சளாக மாறின், சாயம் கலந்ததென ஐயுறலாம். இச்சோதனை எல்லாக் கலப்படத்தையும் காட்டாது. ஆகவே இயன்றவரை விரலி மஞ்சளை வாங்கி, கழுவி உலர்த்தி, வீட்டிலேயே இடித்துக்கொள்க. அதனினும் நன்று, தன் வளவில் தானே விளைவித்துக்கொள்வதாகும்.

8. வீட்டுத் தோட்டத்தில் ஒரு பாத்தி

3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் உள்ள ஒரு பாத்தி சிறு குடும்பத்துக்குப் போதுமானது. தென்னை நிழல் ஓரளவு விழும் இடமும் ஏற்றதே. நீர் தேங்கின் கிழங்கு அழுகுமாதலால், பாத்தியை 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்துக. மட்கிய எருவிட்டு, மழை தொடங்குங் காலத்தில், ஒரு முளையேனும் உள்ள 30 முதல் 50 கிராம் நிறையுடைய கிழங்குத் துண்டுகளை 30 சென்ரிமீற்றர் இடைவெளியில் நடுக. ஏறக்குறைய 30 துண்டுகள் தேவைப்படும். வைக்கோல் அல்லது இலைகுழைகளால் மூடாக்கு இடுக. களை பிடுங்கி, இருமுறை மண் அணைக்க.

எட்டு முதல் பத்து மாதங்களில் இலைகள் மஞ்சளித்துக் காய்ந்ததும் கிண்டுக. நன்கு பராமரித்தால் ஏறக்குறைய 6 கிலோ பச்சை மஞ்சளை எதிர்பார்க்கலாம். கழுவி, ஈர்க்கு எளிதில் இறங்கும்வரை அவித்து, பத்து முதல் பதினைந்து நாட்கள் வெயிலில் உலர்த்துக. ஒடிக்கும்போது ‘டக்’கென முறியின் அது நன்கு உலர்ந்ததாகும். உலர்ந்தபின் நிறை ஐந்திலொன்றாகக் குறைய, ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தூய மஞ்சள் கையிலிருக்கும். நல்ல கிழங்குகளுட் சிலவற்றை அவியாது அடுத்த நடுகைக்கென நிழலில் வைத்துக்கொள்க.

நினைவிற் கொள்ளவேண்டியவை

மேற்றோலின் வெடிப்புக்கும் அரிப்புக்கும் மஞ்சளெண்ணெய் உதவும்; ஆழ்ந்த காயத்துக்கு உதவாது. சேற்றுப்புண்ணுக்கு முதல் மருந்து உலர்ந்த கால், மஞ்சள் இரண்டாவதே. வயலிறங்கிய பின் வரும் காய்ச்சலுக்குக் கைமருந்து இல்லை, வைத்தியசாலையே உண்டு. மஞ்சள் நடுகை பற்றி மேலும் அறிய விரும்புவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.