வேர்களைத் தேடும் சங்கம்

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்ன? வகுப்பில் இப்படிக் கேட்டால் சிலர் கைதூக்குவர். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கப்பலில் ஏறினார், முதலில் எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார் என்று தொடர்ந்து கேட்டால் உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கிவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லக்கூடியவர்கள் மறைந்துவிட்டார்கள். எழுதி வைத்திருந்த தாள்களோ, தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்திருக்கும்.

பினாங்கில் கூ கொங்சி என்னும் சீனக் குலச் சங்கத்தின் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அச்சங்கம் 1835இல் தோன்றியது. ‘கூ’ என்னும் குடும்பப் பெயர் உடையவர்கள் அதில் ஒன்றுகூடினர். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பப் பெயர் வருவதால் வேரைத் தேடுவது அவர்களுக்குச் சற்று எளிது. நமக்கு அந்த வசதி இல்லை. நம் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் மட்டுமே வரும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். போதாததற்கு, பிறப்பைப் பதிந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவரின் பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயர் மூன்று விதமாக இருக்கும். எனவே, தனி ஒருவர் தம் குடும்ப வரலாற்றைத் தேடும்போது விரைவில் முட்டுச்சந்தில் நின்றுவிடுகிறார். அதே தோட்டத்தில் வாழ்ந்த பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தேடினால் கதை வேறு. ஒருவர் வீட்டுத் திருமணப் படத்தில் மற்றொருவரின் பாட்டி நிற்பார்.

இப்படிச் சேர்ந்து தேடுவதற்காக அமைவதே குடும்ப வரலாற்றுச் சங்கம். இங்கிலாந்தில் இத்தகைய சங்கங்கள் மாவட்டந்தோறும் உள்ளன. அவற்றுக்கென ஒரு கூட்டமைப்பு 1974இல் உருவானது. நம் நாட்டில் அப்படி ஒரு சங்கத்தை அமைத்தால் அது எப்படி நடக்கும்? கோல சிலாங்கூர் வட்டாரத்தில் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்ட ஒரு தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் சங்கம் அமைக்க விரும்புவதாகக் கற்பனை செய்துகொள்வோம். சங்கமும் அதன் மனிதர்களும் கற்பனை. அவர்கள் பின்பற்றும் விதிமுறைகள் உண்மையானவை.

முதலில் தேவைப்படுவது ஆள்பலம். 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேராவது சேர்ந்தால்தான் அது சங்கம். புலனக் குழுவில் இருநூறு பேர் இருக்கலாம். ஆனால், பெயர் கொடுத்துப் பொறுப்பேற்க ஏழு பேரைத் திரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், முன்னாள் கிராணியின் மகள், லாரி ஓட்டுநர், பல்கலைக்கழக மாணவர் ஒருவர் என ஏழு பேர் முன்வந்தனர். விண்ணப்பம் சங்கப் பதிவிலாகாவுக்கு இயங்கலை வழி செல்கிறது. விண்ணப்பத்தோடு சங்கத்தின் சட்டவிதிகளையும் இணைக்க வேண்டும்.

சட்டவிதி என்றதும் பலர் வேறொரு சங்கத்தின் விதிகளை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுவர். பதிவிலாகா கேட்கும் பொதுவான விதிகளுக்கு அது போதும்: சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கம், யார் உறுப்பினராகலாம், செயலவை எத்தனை பேர், கூட்டம் எப்போது, பணம் யார் கையில் என்பன அவை. ஆனால், குடும்ப வரலாற்றுச் சங்கத்திற்குச் சொந்தமாகச் சில கேள்விகள் உண்டு. உறுப்பினர் கொண்டுவரும் பழைய படம் யாருக்குச் சொந்தம்? சங்கம் கலைக்கப்பட்டால் அந்தப் பெட்டிகள் எங்கே போகும்? நம் சங்கம் இரண்டாம் கேள்விக்கு மட்டும் விடை எழுதிக்கொண்டது. மூலப்பொருள்கள் கொடுத்தவரின் குடும்பத்துக்கே திரும்பும் என்று முடிவெடுத்தது. முதல் கேள்விக்கு, ‘சங்கம் சேகரிப்பவை சங்கத்தின் உடைமை’ என ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து சென்றது. அந்த ஒரு வரி பின்னால் படுத்தியபாடு பெரிது.

செயலவையில் ஒன்பது பேர். தலைவராக ஆசிரியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும், சங்கத்தின் உயிர்நாடி செயலாளர்தான். கிராணியின் மகளான அந்த அக்கா, கூட்டக் குறிப்பு எழுதுவதோடு ஒரு வரவுப் பதிவேட்டையும் தொடங்கினார். பொருளுக்கு ஓர் எண், வந்த நாள், கொடுத்தவர், அது மூலமா நகலா, திருப்பித் தர வேண்டுமா என ஐந்தே கட்டங்கள். பழைய கடப்பிதழ், செக்ரோல் தாள், தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவு, ரஜூலா கப்பலின் பயணச்சீட்டு என எது வந்தாலும் முதலில் எண் பெற்ற பிறகே பெட்டிக்குள் போகும். மூலத்தை வருடி நகலெடுத்துக்கொண்டு உரியவரிடமே திருப்பித் தருவது அவருடைய வழக்கம். படங்களின் பின்புறம் பேனாவால் எழுதக்கூடாது, மென்மையான பென்சிலால் எழுத வேண்டும். பழைய தாளுக்கு நெகிழி உறை ஒட்டிச் சூடேற்றினால் பின்னர்ப் பிரிக்க முடியாது என்பதையெல்லாம் அவர் சொல்லிச் சொல்லியே உறுப்பினர்கள் கற்றுக்கொண்டனர்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுச் சந்தா இருபது ரிங்கிட். காசோலையில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையொப்பமிட வேண்டும். செயலவையில் இல்லாத இருவரைப் பொதுக்கூட்டம் கணக்காய்வாளர்களாகத் தேர்ந்தெடுக்கிறது. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, பொறுப்பாளர் பட்டியல் ஆகியவற்றைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இதைச் செய்யத் தவறியே பல சங்கங்கள் பதிவை இழக்கின்றன. நல்ல மனமும் ஆர்வமும் இருந்தும் ஓர் அறிக்கையை அனுப்பாததால் சங்கம் இல்லாமல் போவது வேதனைதான்.

சங்கத்தின் இரண்டாம் ஆண்டில் நடந்ததை இனிப் பார்ப்போம்.

பல்கலைக்கழக மாணவர், தோட்டத்தின் மூத்த பாட்டி ஒருவரைச் சந்தித்து இரண்டு மணி நேரம் கைப்பேசியில் பேச்சைப் பதிவுசெய்தார். ஜப்பானியர் காலத்தில் பாட்டியின் அப்பாவைச் சயாம் மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மாவால் நான்கு பிள்ளைகளுக்கும் சோறு போட முடியவில்லை. கைக்குழந்தையைப் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளையில்லாத ஒரு வீட்டில் கொடுத்துவிட்டார். “அந்தப் பிள்ளை இன்னும் இருக்கு தம்பி. பேரன் பேத்தி எடுத்திருச்சி. நான் அக்காங்கிறது அதுக்குத் தெரியாது,” என்று பாட்டி சொன்னது பதிவில் தெளிவாகக் கேட்கிறது. அந்த வீட்டுக்காரரின் பெயரையும் பாட்டி சொல்லியிருந்தார்.

மாணவர் அதை வலையொளியில் ஏற்ற விரும்பினார். அவர் எண்ணத்தில் தீமை இல்லை. மரண ரயிலைப் பற்றி நம் பிள்ளைகள் இந்த மண்ணின் குரலிலேயே கேட்க வேண்டும், பாட்டிக்குப் பிறகு யார் சொல்வார் என்பது அவர் வாதம். சட்டவிதியும் அவர் பக்கமே இருந்தது. பதிவு சங்கத்தின் உடைமை. சங்கம் அதை வெளியிடலாம். செயலாளர் மறுத்தார். “பாட்டி நம்மகிட்ட சொன்னாங்க. ஊருக்குச் சொல்லலையே தம்பி,” என்றார்.

பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டு விவரங்களை நூறு ஆண்டுகள் பூட்டி வைக்கிறார்கள். 1921இல் எடுத்த கணக்கெடுப்பு 2022 ஜனவரியில்தான் மக்கள் பார்வைக்கு வந்தது. உயிரோடிருப்பவரின் அந்தரங்கம் வரலாற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, வரலாறுதான் காத்திருக்க வேண்டும் என்பது அதன் பின்னுள்ள எண்ணம். செயலாளர் இதை எடுத்துக்காட்டிப் புதிய விதி ஒன்றை முன்மொழிய விரும்பினார்: பேசியவரின் எழுத்துப்பூர்வ இசைவு இல்லாமல் எதையும் வெளியிடக்கூடாது; உயிரோடுள்ள மூன்றாம் நபரின் பெயரை நீக்க வேண்டும்.

செயலவை இதைத் தானே முடிவு செய்ய முடியாதா? முடியாது. வெளியிடுவதைத் தள்ளிவைக்கலாம், விதியை மாற்ற முடியாது. சட்டவிதியைத் திருத்தும் உரிமை பொதுக்கூட்டத்துக்கே உண்டு. கூட்டம் ஏற்ற திருத்தமும் பதிவிலாகா ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைக்கு வரும்.

இங்கேதான் ‘கோரம்’ என்னும் சொல் வந்து நிற்கிறது. கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகையே கோரம். நம் சங்கத்தில் உறுப்பினர் 60 பேர். விதியின்படி, உறுப்பினரில் பாதிப் பேர் அல்லது செயலவை எண்ணிக்கையைப் போல் இருமடங்கு, இவற்றில் எது குறைவோ அது வர வேண்டும். பாதி என்றால் 30. இருமடங்கு என்றால் 18. ஆகவே, 18 பேர் போதும். பதினெட்டே பேர்தானே என்று எண்ணத் தோன்றும். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்தவர்கள் 15 பேர். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். மண்டபத்து மின்விசிறி சுற்றியது, கறிபஃப் ஆறியது, யாரும் வரவில்லை. கூட்டம் இரண்டு வாரம் ஒத்திவைக்கப்பட்டது.

ஒத்திவைத்த கூட்டத்துக்கு 16 பேர் வந்தனர். இம்முறை கோரம் இல்லாவிட்டாலும் கூட்டத்தை நடத்தலாம் என விதி இடம் தருகிறது. கணக்கறிக்கை ஏற்கப்பட்டது, கணக்காய்வாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். செயலாளர் தம் திருத்தத்தைப் படிக்க எழுந்தபோது, லாரி ஓட்டுநர் சட்டவிதிப் புத்தகத்தைப் புரட்டி, “அக்கா, மன்னிக்கணும். கோரம் இல்லாத கூட்டத்துல விதியை மாத்த முடியாதுன்னு இதுல போட்டிருக்கு,” என்றார். அவர் சொன்னது சரி. திருத்தத்தை ஆதரித்தவர்களுக்கு எரிச்சல் வந்தது. எனினும், வந்த 16 பேரும் வராத 44 பேரின் உரிமையை மாற்றி எழுதாதபடி காப்பது அந்த வரிதான். செயலாளர் எழுதியதை மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த ஒரு மாதம் அவர் வீடு வீடாகச் சென்றார். தொலைபேசியில் அழைத்தவர்களும் உண்டு. சிறப்புப் பொதுக்கூட்டத்துக்கு 41 பேர் வந்தனர். விவாதம் எளிதாக இல்லை. பதிவு செய்த மாணவர் எழுந்து, இசைவு கேட்கத் தொடங்கினால் பலர் பயந்து பேசவே மாட்டார்கள் என்றார். ஒரு பெரியவர், தம் குடும்பத்தைப் பற்றி எதையும் எழுதவே கூடாது என்றார். தலைவர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் கொடுத்தார். தம் கருத்தைச் சொல்லவில்லை. நடத்துபவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கூட்டம் அவரோடு சாய்ந்துவிடும் என்பதை அவர் அறிவார். இறுதியில் மாணவரே ஒரு திருத்தத்தை முன்வைத்தார்: இசைவுப் படிவத்தில் ‘வெளியிடலாம்’, ‘வேண்டாம்’ என்பவற்றோடு, ‘எத்தனை ஆண்டுக்குப் பிறகு’ என்னும் கட்டமும் இருக்கட்டும். செயலாளர் அதை ஏற்றார். லாரி ஓட்டுநர் வழிமொழிந்தார். ஆதரவு 33, எதிர்ப்பு 5, நடுநிலை 3.

பதிவிலாகாவின் ஒப்புதல் வந்ததும் மாணவரும் செயலாளரும் படிவத்தோடு பாட்டியைப் பார்க்கச் சென்றனர். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. செயலாளர் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினார். பாட்டி நெடுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

“எங்கப்பா சயாமுக்குப் போனதைப் போடு. அவர் பேரையும் போடு. அந்தப் பிள்ளை பேரு மட்டும் வேணாம். அதுவும் நானும் போனப்புறம், அது பேரப்பிள்ளைங்க தேடிக்கிட்டு வந்தா குடு.”

மாணவர் மூன்றாம் கட்டத்தில் அதை அப்படியே எழுதினார். பாட்டி கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்தார். செயலாளர் வரவுப் பதிவேட்டைத் திறந்து அந்தப் பதிவின் எண்ணுக்கு எதிரே, ‘ஒரு பகுதி மூடியது’ என்று பென்சிலால் எழுதினார்.