புற்றுநோய்ச் சிகிச்சையும் தேகப்பயிற்சியும்

நோயுற்றவருக்கு ஓய்வே முதல் மருந்து என்பது நம் நாட்டு மக்களிடையே நெடுங்காலமாக வேரூன்றிய கருத்தாகும். சில நாட்களில் நீங்கும் காய்ச்சலுக்கு அது பொருந்தலாம். புற்றுநோய்ச் சிகிச்சையோ பல மாதங்கள் நீடிப்பது. அத்தனை மாதங்களும் நோயாளரைப் படுக்கையிலேயே இருத்தி, ஒரு செம்பு நீரைக்கூட அவர் எடுக்கவிடாமல் வீட்டார் பேணுவதுண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயல் பெரும்பாலும் தீங்காகவே முடிகிறது. சிகிச்சைக்குப் பின் ஊர் திரும்பும் நோயாளரை அடிக்கடி காண்பவர்கள் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களுமே. ஆதலின் இப்பொருள் பற்றிய தெளிவு அவர்களுக்கு இன்றியமையாதது.

1. படுக்கையினால் விளையும் கேடு

பயன்படுத்தப்படாத தசை விரைவில் மெலியும். 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நோயற்ற முதியவர்கள் சிலர் 10 நாட்கள் படுக்கையில் இருத்தப்பட்டனர். அக்குறுகிய காலத்திலேயே அவர்களுடைய கால்களில் கொழுப்பு நீங்கலான திசு சராசரியாக ஏறத்தாழ 1 கிலோகிராம் குறைந்தது. நோயற்றவர் நிலையே இதுவாயின், பசியின்மையும் வாந்தியும் உடையவர் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

புற்றுநோயாளரின் களைப்பு, உழைத்தவரின் களைப்பைப் போன்றதன்று. உறங்கி எழுந்தாலும் அது தீர்வதில்லை. களைப்பினால் நோயாளர் படுக்கிறார். படுப்பதால் தசையும் இருதயத்தின் திறனும் குறைகின்றன. அதனால் சிறு வேலையும் பெருஞ்சுமையாகிக் களைப்பு மேலும் மிகுகிறது. இச்சுழலை உடைப்பதற்கு அளவான நடையே சிறந்த வழி எனக் கண்டறியப்பட்டுள்ளது.

2. ஆராய்ச்சிகள் கூறுவன

பல நாட்டு நிபுணர்கள் கூடி ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரை பின்வருமாறு: நடை போன்ற மிதமான பயிற்சியை வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 30 நிமிடமாகக் குறைந்தது 12 வாரங்கள் செய்துவந்தால் களைப்பும், மனக்கலக்கமும், மனச்சோர்வும் குறையும், அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றல் கூடும். சிகிச்சை நடைபெறும்போதே பயிற்சியையும் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022-ஆம் ஆண்டில் அறிவித்தது.

பயிற்சி, நோய் மீண்டும் வருவதைத் தடுக்குமா என்ற வினாவுக்கு 2025-ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான விடை கிடைத்தது. பெருங்குடற் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும், அதன்பின் கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சையும் பெற்று முடித்த 889 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்தவர்களே அவர்களில் மிகப் பலர். ஒரு பிரிவினருக்குச் சுகாதார நூல்கள் மட்டும் அளிக்கப்பட்டன. மற்றப் பிரிவினர் பயிற்சியாளரின் துணையோடு 3 ஆண்டுகள் தேகப்பயிற்சி செய்தனர். அவர்கள் முன்னைய வழக்கத்துக்கு மேலாகச் செய்ய வேண்டியிருந்தது, வாரத்துக்கு 3 அல்லது 4 முறை 45 முதல் 60 நிமிடம் வேகமாக நடப்பதற்கு ஈடான பயிற்சியே.

5 ஆண்டுகளின் முடிவில் நோய் மீளாமல் உயிர்வாழ்ந்தவர் பயிற்சிப் பிரிவில் 100-க்கு 80.3 பேர், மற்றதில் 73.9 பேர். 8 ஆண்டுகளின் முடிவில் உயிருடன் இருந்தவர் முறையே 90.3, 83.2 பேர். தசை, மூட்டுத் தொல்லைகள் பயிற்சிப் பிரிவில் சற்று மிகுந்திருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது.

இம்முடிவு பெருங்குடற் புற்றுநோய்க்கு உரியது; எல்லாப் புற்றுநோய்க்கும் இதனை அப்படியே பொருத்துதல் கூடாது. மேலும், இவர்கள் அனைவரும் உரிய சிகிச்சையை முழுமையாகப் பெற்றவர்கள். பயிற்சி சிகிச்சைக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

3. கை வீக்கம் பற்றிய அச்சம்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் நீக்கப்பட்டால், நிணநீர் தேங்கி அக்கை வீங்குவதுண்டு. இதற்கஞ்சி, அக்கையால் எதையும் தூக்கலாகாது என்று பெண்களுக்கு முன்னர் அறிவுறுத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று இக்கருத்தை மாற்றியது. கை வீக்கமுற்ற 141 பெண்களில் ஒரு பிரிவினர், இறுக்கமான கையுறை அணிந்து, வாரம் இருமுறை, சிறுகச் சிறுக எடையைக் கூட்டித் தூக்கிப் பழகினர். அவர்களுடைய வீக்கம் பெருகவில்லை. ஓராண்டில் வீக்கம் கடுமையுற்றவர் அவர்களுள் 100-க்கு 14 பேர். எடை தூக்காதவருள் 29 பேர். ஆயினும் தொடக்கத்தில் பயிற்சி பெற்றவரின் மேற்பார்வை தேவை.

4. வாயும் கழுத்தும்

புகையிலைப் பழக்கத்தால் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் மிகுதி. கதிர்ச் சிகிச்சைக்குப் பின் தாடைத் தசைகள் இறுகி, வாய் திறப்பது குறையக்கூடும். முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டர் அளவுக்கு மேல் திறக்க இயலாவிடில் அது தாடை இறுக்கமாகக் கருதப்படும். சோற்றுருண்டையும் உட்செல்லாத நிலை அதனால் நேரும். இறுகிய தசையைப் பின்னர் நெகிழ்விப்பது கடினம். ஆதலின் சிகிச்சைக் காலத்திலேயே நாள்தோறும் பலமுறை வாயைத் திறந்து மூடப் பழக வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளடைவில் ஒவ்வொன்றாகக் கூட்டும் எளிய முறை நம் மருத்துவமனைகளில் கற்பிக்கப்படுகிறது. கழுத்தில் அறுவை செய்யப்பட்டவருக்குத் தோள் தாழ்ந்து கை உயராமற் போகலாம். அவருக்குத் தோட்பயிற்சி அவசியம்.

5. தொடங்கும் முறை

மருத்துவரின் இசைவு பெற்றபின், முதல் வாரம் வீட்டு முற்றத்தில் 5 நிமிடம் நடந்தாற் போதும். பின்னர் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுக. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாதிருக்க வேண்டும். மிதமான வேகத்துக்கு இதுவே அளவுகோல். வாரம் இருமுறை நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், சுவரில் கையூன்றித் தள்ளுதல் ஆகியவற்றைச் செய்தால் தசை வலுப்பெறும். மருந்து ஏற்றிய நாட்களில் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். அறவே விட்டுவிடுதல் வேண்டா.

6. நிறுத்த வேண்டிய வேளைகள்

மருந்துச் சிகிச்சையின்போது 38 டிகிரி சென்டிகிரேட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல் கண்டால் அதனை அவசர நிலையாகக் கருதி, உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. மார்பு வலி, திடீர் மூச்சுத் திணறல், மயக்கம், இரத்தக் கசிவு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், புதிதாகத் தோன்றிய எலும்பு வலி ஆகியவை கண்டாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியவர் எடை தூக்குவதும் முதுகை முறுக்குவதும் மருத்துவரின் ஆலோசனையின்றிச் செய்யத்தகாதவை.

ஊழியர்கள் நோயாளரிடம் மட்டுமன்றி வீட்டாரிடமும் இவற்றை விளக்க வேண்டும். நோயாளர் தாமே எழுந்து நீர் மொண்டு குடிப்பதை வீட்டார் தடுக்காதிருப்பதே பல இல்லங்களில் முதற்பயிற்சியாக அமையும்.

பயிற்சி வினாக்கள்

1. நீண்ட ஓய்வு களைப்பை மிகுவிப்பது எங்ஙனம்?
2. பயிற்சி சிகிச்சைக்கு மாற்று அன்று என்பதற்குரிய காரணத்தைக் கூறுக.
3. நடையின் வேகம் மிதமானதா என்பதைக் கருவியின்றி அறிவது எவ்வாறு?
4. பயிற்சியை உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள் ஐந்தினைக் குறிப்பிடுக.