நாக்குக்கு அடியில் வைக்குமுன்

அன்புள்ள கண்ணு,

"கம்பெனி முதலுதவிப் பெட்டியில் சார்பிட்ரேட் ஒரு அட்டை வாங்கி வைத்திருக்கிறோம். நெஞ்சுவலி என்று யார் வந்தாலும் நாக்குக்கு அடியில் ஒன்று வைத்துவிடலாம் இல்லையா?" என்று கேட்டாய். அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரையை நர்சிங் முடித்த நீயும் நம்பினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

சார்பிட்ரேட் ஒரு நைட்ரேட் மாத்திரை. நைட்ரேட் இதயக் குழாயின் அடைப்பைக் கரைப்பதில்லை. ரத்தக்குழாயைத் தளர்த்தி வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். 1995-இல் வெளியான ஐசிஸ்-4 ஆய்வில் மாரடைப்பு சந்தேகத்தோடு வந்த 58,050 பேர் இருந்தார்கள். நைட்ரேட் மாத்திரையால் இறப்பு சொல்லும்படி குறையவில்லை. 2023-இல் நம் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்பு சந்தேகத்தோடு வருபவருக்குத் தரும் 14 மாத்திரைகளை எண்ணிப் பார்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. நைட்ரேட் ஒன்றுகூட இல்லை.

நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது வலது கீழறையைப் பற்றித்தான். இதயத்தின் அடிச்சுவரில் வரும் மாரடைப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அந்த அறையையும் தாக்குகிறது. தோட்டத்து மோட்டாரை நினைத்துக்கொள். கிணற்றில் தண்ணீர் இறங்கி ஃபுட் வால்வு வெளியே தெரிந்தால், மோட்டார் எவ்வளவு ஓடினாலும் காற்றைத்தான் இழுக்கும். அடிபட்ட வலது அறையும் அப்படித்தான். வந்து நிறையும் ரத்தத்தை நம்பியே ஓடுகிறது. நைட்ரேட் சிரைகளை விரித்து அந்த வரத்தையே குறைத்துவிடும். நான் பயிற்சியில் இருந்தபோது, டையிங் பட்டறையிலிருந்து வந்த ஒருவருக்கு மாத்திரை வைத்த ஐந்தே நிமிடத்தில் நாடி கைக்குச் சிக்கவில்லை. காலை உயர்த்தி, சலைன் ஏற்றித்தான் மீட்டோம். வலப்பக்க நெஞ்சில் ஒரு லீடு வைத்து ஈசிஜி எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இந்த மருந்தின் வேகம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. வில்லியம் முரெல் என்ற லண்டன் மருத்துவர் இதே வகை மருந்தான நைட்ரோகிளிசரினை நாக்கில் தொட்டுப் பார்த்தார்; தலை விண்விண்ணென்று தெறித்தது. 1879-இல் அதை நெஞ்சுவலிக்கு மருந்தாக எழுதினார். நைட்ரோகிளிசரினைக் கையாண்ட டைனமைட் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அதே தலைவலிதான். ஒரு துளியே அப்படிச் செய்யுமென்றால், அதைச் சாக்லேட் மாதிரி நீட்டலாமா?

மேல் பிரஷர் 90-க்குக் கீழே இருந்தால் கொடுக்காதே. உங்கள் கம்பெனியில் துணியைச் சூடாக்கி அழுத்தும், அனல் அடிக்கும் காம்பாக்டிங் பகுதியில் வியர்த்து, நீர் வற்றி வருகிறவருக்கு அது ஏற்கெனவே இறங்கியிருக்கலாம். பெருந்தமனி வால்வு மிகவும் சுருங்கியவருக்கும் ஆபத்து. ஆண்மைக்குறைவு மாத்திரை போட்டாரா என்று கேள்: சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டாடலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் கூடவே கூடாது. நைட்ரேட் குழாயை விரிக்கிறது. அந்த மாத்திரை அதைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பிரஷர் அதலபாதாளத்துக்குப் போகும். கட்டிங் டேபிள் அருகே நாலு பேர் முன்னால் கேட்டால் உண்மை வராது. தனியே அழைத்துக் கேள்.

டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர் வேறு. அவரையும் உட்காரவைத்துத்தான் போடச் சொல். மற்றவர்களுக்கு 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, பிரஷர் பார்.

அந்த அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடு. அந்த இடத்தில் நல்ல பிரஷர் மெஷின் ஒன்று இருக்கட்டும்.

அன்புடன்,
உன் ஐயா